லினக்ஸ் கணினியில் கடிகாரமும் பூட் ஆவதும் சேர்ந்து மக்கர் செய்தால்: முழுமையான வழிகாட்டி

கணினி பூட் ஆகாமல் நின்றால் பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது டிஸ்கை, அடுத்தது க்ரப்பை, அதாவது லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடரை. கடிகாரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்தால் இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கின்றன. தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது. பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) அமைப்புகளும் பல போர்டுகளில் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. முதலாவதால் ஃபைல் சிஸ்டம் சோதனை மிரண்டு நிற்கும். இரண்டாவதால் டிஸ்கே கண்ணில் படாமல் போகலாம். இரண்டையும் தனித்தனிக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, நன்றாக இருந்த க்ரப்பைத் திரும்ப நிறுவுகிறேன் என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை இதுதான்: முதலில் கடிகாரம், அப்புறம் பயாஸ், அப்புறம் டிஸ்க், கடைசியில்தான் பூட்லோடர்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், உள்ளே இடைவெளியில்லாமல் தட்ட வேண்டும். சொற்களுக்கு நடுவே காட்டியிருக்கும் இடைவெளி அப்படியே இருக்க வேண்டும். "சிடிஎல்" என்று முடிபவை சி, டி, எல் என்ற மூன்று எழுத்துகளில் முடிகின்றன. எச்டபிள்யூகிளாக் என்பது எச், டபிள்யூ என்ற இரண்டு எழுத்துகளோடு கிளாக் சேர்ந்தது.

இரண்டு கடிகாரங்கள்

ஒன்று வன்பொருள் கடிகாரம், ஆர்டிசி என்பார்கள். நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தை வைத்து இது ஓடுகிறது. அந்த எண் 2-இன் 15-ஆம் அடுக்கு என்பதால், பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு நொடித் துடிப்பு கிடைத்துவிடும். 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் மோட்டோரோலாவின் எம்சி146818 என்ற சிப் இந்த வேலையைச் செய்தது. இன்றைய சிப்செட்களும் அதே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இதற்கான டிரைவரின் பெயர் ஆர்டிசி_சிமாஸ்.

இரண்டாவது, கர்னலுக்குள் ஓடும் சிஸ்டம் கடிகாரம். 1970 ஜனவரி 1-இலிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்பதுதான் அதன் கணக்கு. பூட் ஆகும்போது கர்னல் ஆர்டிசியை ஒருமுறை படித்துக்கொள்ளும். அதன்பின் செயலியின் எண்ணியை, வழக்கமாக டிஎஸ்சியை, வைத்துத் தானே ஓட்டிக்கொள்ளும். ஆர்டிசியைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதில் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று: ஆர்டிசிக்கு நேர மண்டலம் தெரியாது. வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், நொடி, அவ்வளவுதான் அதில் இருக்கும். அந்த எண்கள் யுடிசியா (உலகப் பொது நேரம்) உள்ளூர் நேரமா என்பதைப் படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். லினக்ஸ் அதை யுடிசி என்று எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இரட்டை பூட் கணினிகளில் வரும் நேரச் சண்டை முழுக்க இங்கிருந்து வருவதுதான்.

படி 1: எது தவறு என்று பார்ப்பது

கணினி எப்படியோ உள்ளே வரை வந்துவிட்டது என்றால் முதல் கட்டளை:

டைம்டேட்சிடிஎல்

இதில் நான்கு இடங்களைப் பாருங்கள். யுனிவர்சல் டைம் என்ற வரியும் ஆர்டிசி டைம் என்ற வரியும் ஒன்றாக இருக்க வேண்டும். சிஸ்டம் கிளாக் சிங்க்ரனைஸ்ட் என்பதற்கு எஸ் என்று இருக்க வேண்டும். ஆர்டிசி இன் லோக்கல் டிஇசட் என்பதற்கு நோ என்று இருக்க வேண்டும். அப்புறம் உங்கள் நேர மண்டலம் சரியாக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

இன்னும் விவரம் வேண்டுமென்றால்:

சுடோ எச்டபிள்யூகிளாக் --ஷோ --வெர்போஸ்

ஆர்டிசியை யுடிசி என்று கருதுகிறதா, சிப்பிலிருந்து வந்த அசல் எண்கள் என்ன என்பதெல்லாம் இதில் தெரியும்.

இப்போது தவறின் அளவைக் கவனியுங்கள். காரணத்தை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

- வித்தியாசம் உங்கள் நேர மண்டலத்தின் அளவுக்குச் சரியாக இருந்தால், யுடிசி–உள்ளூர் நேரக் குழப்பம். பேட்டரியைத் தொட வேண்டாம்.
- தேதி பல வருடம் பின்னால் போய், வருடத்தின் முதல் நாள் மாதிரி ஏதோ ஒன்றைக் காட்டினால், ஆர்டிசிக்கு மின்சாரம் போயிருக்கிறது. பேட்டரிதான்.
- சில நொடிகள், சில நிமிடங்கள் மட்டும் தவறினால், படிகத்தின் இயல்பான விலகல். பத்து லட்சத்தில் 20 பங்கு விலகல் என்றால் நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஏறக்குறைய 50 நொடி. இது பழுதே இல்லை.
- கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரம் கண்கூடாகத் தவறினால், அது சிஸ்டம் கடிகாரத்தின் பிரச்சினை, பேட்டரிக்குச் சம்பந்தமில்லை.
- அர்த்தமே இல்லாத தேதி வந்தால், சமீபத்தில் யாராவது சஸ்பெண்ட் கோளாறைத் தேடினார்களா என்று கேளுங்கள். கர்னலில் பிஎம்_ட்ரேஸ் என்று ஒரு வசதி உண்டு. எந்த டிரைவரில் கணினி உறைந்தது என்ற குறிப்பை அது ஆர்டிசிக்குள்ளேயே எழுதி வைக்கும், ஏனென்றால் ரீபூட்டுக்குப் பிறகும் தங்கும் இடம் அதுதான். அதைப் பயன்படுத்தியபின் தேதி கண்டபடி இருப்பது எதிர்பார்த்ததே.

படி 2: யுடிசி–உள்ளூர் நேரச் சண்டையைத் தீர்ப்பது

லினக்ஸ் மட்டும் இருக்கும் கணினி என்றால் யோசிக்கவே வேண்டாம்:

சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 0

இந்தக் கட்டளை ஆர்டிசியை யுடிசியில் திருப்பி எழுதிவிடும். எது எந்தக் கணக்கில் இருக்கிறது என்ற குறிப்பு /இடிசி/அட்ஜ்டைம் என்ற கோப்பின் மூன்றாவது வரியில் இருக்கும். அங்கே யுடிசி அல்லது லோக்கல் என்ற ஒரே சொல். கோப்பே இல்லையென்றால் யுடிசி என்று பொருள்.

விண்டோஸும் கூடவே இருந்தால் இரண்டு வழிகள். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு இறக்குவது ஒன்று. மேலே உள்ள கட்டளையில் 0-க்குப் பதில் 1. எளிதுதான், ஆனால் நான் பரிந்துரைப்பதில்லை. கோடைக்கால நேர மாற்றம் உள்ள நாடுகளில் இரண்டு இயங்குதளங்களும் தனித்தனியே ஒரு மணி நேரத்தைத் திருத்தி, நேரம் இரட்டிப்பாகத் தவறும். தவிர, பூட்டின் ஆரம்பத்தில் கர்னல் ஆர்டிசியை யுடிசி என்றே படிக்கும். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வந்து சரிசெய்யும்வரை நேரம் தவறாகவே இருக்கும். அந்த இடைவெளியில்தான் சில ஃபைல் சிஸ்டம் எச்சரிக்கைகள் கிளம்புகின்றன. டைம்டேட்சிடிஎல்லே இந்த அமைப்பைப் பார்த்தால் ஒரு எச்சரிக்கைப் பத்தியைக் காட்டும்.

நல்ல வழி, விண்டோஸை யுடிசிக்கு ஏற்றுவது. ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின் பகுதியில் சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், டைம்சோன்இன்ஃபர்மேஷன் என்று போய், ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற டிவேர்ட் மதிப்பை உருவாக்கி 1 என்று வையுங்கள். விண்டோஸை ஒருமுறை ரீபூட் செய்தால் போதும்.

படி 3: சரியான நேரம் ஆர்டிசிக்குப் போய்ச் சேர்கிறதா?

பலர் கோட்டைவிடும் இடம் இது. நெட்வொர்க் நேரம் வேலை செய்வதால் திரையில் மணி சரியாக இருக்கும், ஆர்டிசி மாதக்கணக்கில் தவறாகவே கிடக்கும். நெட்வொர்க் இல்லாமல் பூட் ஆகும் முதல் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

காரணம் இது. பழைய துவக்க ஸ்கிரிப்டுகள் கணினியை அணைக்கும்போது நேரத்தை ஆர்டிசியில் எழுதி வைக்கும். சிஸ்டம்டி அப்படிச் செய்வதில்லை. அதற்குப் பதில், நேரம் நெட்வொர்க்கோடு ஒத்துப்போய்விட்டது என்று கர்னலுக்குத் தெரிந்தால், கர்னல் தானே ஏறக்குறைய 11 நிமிடத்துக்கு ஒருமுறை ஆர்டிசியில் எழுதும். சிஸ்டம்டியின் நேரச் சேவையான சிஸ்டம்டி-டைம்சிங்க்டியில் இது தானாக நடக்கும். க்ரோனி என்ற நேரச் சேவையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் அமைப்புக் கோப்பில் ஆர்டிசிசிங்க் என்ற வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்டிசி பக்கம் அது போகவே போகாது.

கையால் எழுத:

சுடோ எச்டபிள்யூகிளாக் --சிஸ்டோஎச்சி

திசையைக் கவனியுங்கள். --சிஸ்டோஎச்சி என்றால் சிஸ்டத்திலிருந்து வன்பொருளுக்கு, --எச்சிடோசிஸ் என்றால் அதன் எதிர்த்திசை. மாற்றித் தட்டினால் சரியாக இருந்த நேரமும் போய்விடும்.

நெட்வொர்க் நேரமே வரவில்லை என்றால் டைம்டேட்சிடிஎல் டைம்சிங்க்-ஸ்டேட்டஸ், அல்லது க்ரோனிசி ட்ராக்கிங் என்று கேட்டுப் பாருங்கள். யுடிபி 123-ஆவது போர்ட் ஃபயர்வாலில் அடைபட்டிருப்பது வாடிக்கை. ஒரே கணினியில் இரண்டு நேரச் சேவைகள் ஓடவும் கூடாது. பழைய என்டிபிடி சேவை ஒன்று ஓடினால், வித்தியாசம் 1000 நொடியைத் தாண்டியதும் அது திருத்தாமல் வெளியேறிவிடும். பேட்டரி செத்த கணினியில் அது சத்தமில்லாமல் நின்றுபோவது அதனால்தான். க்ரோனியில் மேக்ஸ்டெப் 1.0 3 என்ற வரி இருந்தால், முதல் மூன்று அளவீடுகளில் ஒரு நொடிக்கு மேல் தவறு இருந்தால் ஒரே தாவலில் சரிசெய்துவிடும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. தேதி வருடக்கணக்கில் தவறாக இருந்தால் இணையப் பெயர்களைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் கையொப்பங்கள் செல்லாது, அதனால் நேர சர்வரின் பெயரே ஐபி முகவரியாக மாறாது, அதனால் நேரம் திருந்தாது. சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று உலாவி சொல்வதும், ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லாது என்று தொகுப்பு மேலாளர் ஏபிடி அடம்பிடிப்பதும் இதே வகைதான். வெளியே வர எளிய வழி, ஏறக்குறைய சரியான நேரத்தைக் கையால் வைப்பது:

சுடோ டேட் --செட் "வருடம்-மாதம்-நாள் மணி:நிமிடம்"

மேற்கோளுக்குள் எண்களைப் போடுங்கள். அதன்பின் நேரச் சேவை தானே மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

படி 4: பேட்டரி

பெரும்பாலான மதர்போர்டுகளில் இருப்பது சிஆர்2032, மூன்று வோல்ட். கணினிக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை, அணைத்திருந்தாலும்கூட, ஆர்டிசி பேட்டரியைப் பெரிதாகச் சார்ந்திருக்காது. அதனால்தான் எப்போதும் ப்ளக்கில் இருக்கும் மேசைக் கணினியில் செத்த பேட்டரி வெளியே தெரிவதில்லை. வீடு மாற்றியோ மின்தடைக்குப் பிறகோ முதல்முறை தூக்கி வைக்கும்போது மொத்தமாகக் கவிழ்ந்துவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். புதியது மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.8-க்குக் கீழே இருந்தால் நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். மாற்றும்போது சிஆர் வகையையே வாங்குங்கள். அதே வடிவத்தில் எல்ஐஆர்2032 என்று சார்ஜ் ஏற்றக்கூடிய வகை உண்டு. அதன் வோல்ட்டேஜ் வேறு. சில மடிக்கணினிகளில் பேட்டரி ஒயரோடு கனெக்டரில் செருகியிருக்கும். சிலவற்றில் நாணய பேட்டரியே கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்தே ஆர்டிசி ஓடும்.

கழற்றுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். பயாஸ் திரைகள் ஒவ்வொன்றையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். டிஸ்க் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருந்து, டிபிஎம் சிப் தானாகத் திறந்துவிடுகிறது என்றால், கடவுச்சொற்றொடரோ மீட்புச் சாவியோ கையில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். பயாஸ் அமைப்பு மாறினால் டிபிஎம் சாவியைத் தர மறுக்கலாம். அந்த நேரத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

படி 5: பயாஸில் என்னென்ன திரும்பிப் போயிருக்கும்

பேட்டரி மாற்றியதும் உடனே பூட் செய்யாதீர்கள். பயாஸுக்குள் போய் முதலில் தேதியையும் நேரத்தையும் வையுங்கள், யுடிசியில். அப்புறம் இவற்றைப் பாருங்கள்.

டிஸ்க் கன்ட்ரோலர் முறை. ஏஎச்சிஐ என்று இருந்தது ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று மாறியிருந்தால், சில கணினிகளில் என்விஎம்இ டிஸ்க் லினக்ஸ் கர்னலின் கண்ணுக்கே தெரியாது. "டிஸ்க் போய்விட்டது" என்று முடிவுகட்டும் முன் இதைப் பாருங்கள். என் கணக்கில், பேட்டரிக்குப் பிந்தைய பூட் சிக்கல்களில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

யுஇஎஃப்ஐயா (பயாஸின் புதிய வாரிசு) பழைய முறையா. பழைய பயாஸ் முறையில் நிறுவிய லினக்ஸ், யுஇஎஃப்ஐ மட்டும் என்ற அமைப்பில் பூட் ஆகாது. பூட் செய்ய டிஸ்க் இல்லை என்ற செய்திதான் வரும். நேர்மாறாகவும் அப்படியே.

செக்யூர் பூட். கையொப்பமில்லாத மென்பொருள் ஏறாமல் தடுக்கும் வசதி இது. தொழிற்சாலை நிலையில் இயங்கும்படி இருக்கலாம். "பேட் ஷிம் சிக்னேச்சர்" என்று க்ரப் சொன்னாலோ, நீங்களே தொகுத்த டிரைவர்கள் ஏற மறுத்தாலோ இங்கே பாருங்கள்.

பூட் வரிசை. யுஇஎஃப்ஐ பூட் பதிவுகள் வழக்கமாக ஃப்ளாஷ் நினைவகத்தில் இருப்பதால் பேட்டரி போனாலும் தங்கிவிடும். சில போர்டுகள் வரிசையை மட்டும் மாற்றும், சில பதிவையே துடைத்துவிடும்.

படி 6: எந்தக் கட்டத்தில் நிற்கிறது

இன்னும் பூட் ஆகவில்லையா? திரையில் என்ன இருக்கிறது என்பதை வைத்தே கட்டத்தைச் சொல்லிவிடலாம்.

*பயாஸ் சின்னம், அல்லது பூட் டிஸ்க் இல்லை என்ற செய்தி.* லினக்ஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. படி 5-ஐ முடித்துவிட்டு, லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) ஏறி சுடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -வி என்று தட்டி உங்கள் டிஸ்ட்ரோவின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற அடைவு இல்லையென்றால் லைவ் யுஎஸ்பியே பழைய முறையில் பூட் ஆகியிருக்கிறது. யுஇஎஃப்ஐ முறையில் திரும்ப ஏறுங்கள்.

*க்ரப் ரெஸ்க்யூ என்று கட்டளைக்குக் காத்திருக்கும் வரி.* க்ரப்பின் ஒரு பகுதி ஏறிவிட்டது, மீதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்எஸ் என்று தட்டினால் டிஸ்குகளும் பார்ட்டிஷன்களும் வரும். ஒவ்வொன்றின் உள்ளேயும் /பூட்/க்ரப் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டாவது பார்ட்டிஷனில் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால்:

செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி2)
செட் ப்ரீஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி2)/பூட்/க்ரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

மெனு வந்துவிடும். இது தற்காலிகம்தான், உள்ளே போனபின் க்ரப்பைத் திரும்ப நிறுவ வேண்டும்.

*கர்னல் பேனிக், ரூட் ஃபைல் சிஸ்டத்தை ஏற்ற முடியவில்லை, அன்னோன்-பிளாக்(0,0).* இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் டிஸ்கை ஏற்றுமுன் கர்னல் பயன்படுத்தும் தற்காலிக ஃபைல் சிஸ்டம்) இல்லை அல்லது பழுது. கர்னல் புதுப்பிப்பின்போது /பூட் நிரம்பிப்போய் பாதியில் நின்றிருப்பது பொதுவான காரணம். க்ரப் மெனுவில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்து ஏறி, பழைய கர்னல்களை நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்பக் கட்டுங்கள். டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு. ஃபெடோராவில் ட்ராகட் --ஃபோர்ஸ் --ரீஜெனரேட்-ஆல். ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபிஐஓ, அதோடு பெரிய எழுத்தில் பி.

*யுயுஐடி (டிஸ்க் பகுதியின் தனி அடையாள எண்) இல்லை என்ற எச்சரிக்கையும், அடைப்புக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்ற வரியும்.* கர்னல் ஏறிவிட்டது, ரூட் டிஸ்கைக் காணவில்லை. கேட் /ப்ராக்/பார்ட்டிஷன்ஸ் என்று தட்டுங்கள். பட்டியலில் டிஸ்கே இல்லையென்றால் கன்ட்ரோலர் முறை, கேபிள், அல்லது டிஸ்கின் பழுது. டிஸ்க் இருக்கிறது என்றால் பிஎல்கேஐடி கொடுத்து, கர்னல் தேடும் யுயுஐடியோடு ஒப்பிடுங்கள்.

*ஒன்றரை நிமிடம் ஓடும் எண்ணிக்கை, அதன்பின் எமர்ஜென்சி மோட்.* சிஸ்டம்டி ஏதோ ஒரு டிஸ்குக்காக அதன் வழக்கமான 90 நொடி காத்திருந்து கைவிட்டிருக்கிறது. பெரும்பாலும் /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் உள்ள, இப்போது இணைக்கப்படாத டிஸ்கின் வரி. ரூட் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய், சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட் என்று பார்த்தால் எந்த மவுண்ட் என்று தெரியும். பூட்டுக்கு அவசியமில்லாத டிஸ்குகளுக்கு அந்த வரியில் நோஃபெயில் என்று சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் பார்ட்டிஷனுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்போடு பாதி உறக்கத்தில் விட்டுப்போன டிஸ்கை லினக்ஸ் ஏற்ற மறுக்கும்போது, அதற்காக முழுக் கணினியும் நிற்க வேண்டியதில்லை.

படி 7: தேதி எதிர்காலத்தில் இருக்கிறது என்று ஃபைல் சிஸ்டம் சோதனை சொன்னால்

கடிகாரமும் பூட்டும் நேரடியாக மோதும் இடம் இது. "சூப்பர்பிளாக் லாஸ்ட் மவுண்ட் டைம் இஸ் இன் தி ஃப்யூச்சர்" என்ற வரி, அதைத் தொடர்ந்து கையால் சோதனை ஓட்டச் சொல்லும் ஒரு மிரட்டல். இஎக்ஸ்டி4 டிஸ்கில் கடைசியாக ஏற்றிய நேரம் பதிவாகியிருக்கும். ஆர்டிசி பத்து வருடம் பின்னால் போனால், அந்தப் பதிவு எதிர்காலத்தில் இருப்பதாகச் சோதனைக்குத் தோன்றும். 24 மணி நேரத்துக்குள் உள்ள வித்தியாசத்தை அது தானே சரிசெய்துகொண்டு நகர்ந்துவிடும். அதற்கு மேல் என்றால் நின்றுவிடும்.

இங்கே அவசரப்பட்டு எல்லாவற்றுக்கும் ஒய் என்று அடிக்காதீர்கள். டிஸ்கில் பழுது எதுவும் இல்லாமலே இந்தச் செய்தி வரலாம். ரீபூட் செய்து, பயாஸுக்குள் போய் நேரத்தைச் சரியாக வைத்துவிட்டுத் திரும்ப வாருங்கள். பாதி நேரம் அதோடு கதை முடிந்துவிடும். பயாஸுக்குப் போக வழியில்லை என்றால், இனிட்ராம்எஃப்எஸ் வரியிலேயே டேட் -எஸ் கொடுத்து நேரத்தை வைத்துவிட்டு, ஃபைல் சிஸ்டம் சோதனையான எஃப்எஸ்சிகேயை ஓட்டுங்கள். அப்போதும் பிழைகள் வந்தால் அவை உண்மையான பிழைகள்.

ஆர்டிசியே இல்லாத, அல்லது மாற்ற முடியாத கணினி என்றால் /இடிசி/இ2எஃப்எஸ்சிகே.கான்ஃப் கோப்பில் ஆப்ஷன்ஸ் பகுதியின் கீழ் ப்ரோக்கன்_சிஸ்டம்_கிளாக் = 1 என்று எழுதினால் நேரம் சார்ந்த சோதனைகளை விட்டுவிடும். டெபியன் வகையில் ரூட் டிஸ்க் சோதனை இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் நடப்பதால், எழுதியபின் அதைத் திரும்பக் கட்ட மறக்காதீர்கள்.

படி 8: லைவ் யுஎஸ்பியிலிருந்து க்ரப்பைத் திரும்ப நிறுவுவது

இதுவரை எதுவும் பலிக்கவில்லை என்றால்தான் இங்கே வர வேண்டும். லைவ் யுஎஸ்பியில் ஏறியதும் முதலில் டேட் என்று தட்டி நேரம் சரியா என்று பாருங்கள். தவறான நேரத்தோடு டிஸ்கில் எழுதினால் படி 7-இன் சிக்கலை நீங்களே உருவாக்கியதாகிவிடும். எல்எஸ்பிஎல்கே கொடுத்து உங்கள் ரூட் பார்ட்டிஷனையும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் அடையாளம் காணுங்கள். கீழே எஸ்டிஏ2, எஸ்டிஏ1 என்பவை எடுத்துக்காட்டு மட்டுமே.

மவுண்ட் /டெவ்/எஸ்டிஏ2 /எம்என்டி
மவுண்ட் /டெவ்/எஸ்டிஏ1 /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ
மவுண்ட் --ஆர்பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்
மவுண்ட் --ஆர்பைண்ட் /ப்ராக் /எம்என்டி/ப்ராக்
மவுண்ட் --ஆர்பைண்ட் /சிஸ் /எம்என்டி/சிஸ்
சிஎச்ரூட் /எம்என்டி
க்ரப்-இன்ஸ்டால்
அப்டேட்-க்ரப்

வெறும் பைண்ட் போதாது, ஆர்பைண்ட் வேண்டும். இல்லையென்றால் /சிஸ்ஸுக்குள் இருக்கும் யுஇஎஃப்ஐ மாறிகள் தெரியாமல், இஎஃப்ஐ மாறிகளுக்கு இந்தக் கணினியில் ஆதரவில்லை என்று க்ரப்-இன்ஸ்டால் சொல்லும். பழைய பயாஸ் முறை என்றால் இஎஃப்ஐ வரியை விட்டுவிட்டு, க்ரப்-இன்ஸ்டாலோடு முழு டிஸ்கின் பெயரைக் கொடுங்கள், பார்ட்டிஷனின் பெயரை அல்ல. மேலே உள்ளது டெபியன் வகைக்கு. ஃபெடோரா வகையில் யுஇஎஃப்ஐ கணினிகளில் க்ரப்-இன்ஸ்டாலை ஓட்டாமல், க்ரப், ஷிம் தொகுப்புகளைத் திரும்ப நிறுவுவதே முறை.

பூட் பதிவுகளை அடிக்கடி மறக்கும் போர்டு என்றால், க்ரப்-இன்ஸ்டால் --ரிமூவபிள் என்று ஒருமுறை கூடுதலாக ஓட்டுங்கள். பதிவே இல்லாவிட்டாலும் யுஇஎஃப்ஐ கடைசியாகத் தேடும் பொதுவான இடத்தில் ஒரு பிரதி போய் உட்கார்ந்துகொள்ளும். செக்யூர் பூட் இயங்கும் கணினி என்றால், இதைச் செய்தபின் பூட் ஆகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

படி 9: ஆர்டிசி இல்லாத சிறு போர்டுகள்

ராஸ்ப்பெர்ரி பை 4 வரையுள்ள போர்டுகளில் ஆர்டிசி கிடையாது. பை 5-இல் உண்டு, ஆனால் அதற்கான பேட்டரியைத் தனியே மாட்ட வேண்டும். இப்படிப்பட்டவற்றில் ஃபேக்-எச்டபிள்யூகிளாக் என்ற தொகுப்போ, சிஸ்டம்டி-டைம்சிங்க்டியோ, கடைசியாகத் தெரிந்த நேரத்தைக் கோப்பில் சேமித்து வைத்து அடுத்த பூட்டில் அங்கிருந்து தொடரும். நேரம் பின்னோக்கிப் போகாது, ஆனால் அணைந்திருந்த காலம் கணக்கில் வராது.

நிஜமான தீர்வு டிஎஸ்3231 சிப் உள்ள மாடியூல். வெப்ப ஈடுசெய்யும் வசதி இருப்பதால் சாதாரண வெப்பநிலையில் பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் விலகல் நிற்கும். கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பில் டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231 என்று சேர்த்து ரீபூட் செய்யுங்கள். ஐ2சிடிடெக்ட் -ஒய் 1 கொடுத்தால் 68 என்ற இடத்தில் யுயு என்று வந்தால் டிரைவர் பிடித்துக்கொண்டது என்று பொருள். வெறும் 68 என்று வந்தால் சிப் தெரிகிறது, டிரைவர் ஏறவில்லை. அப்புறம் ஃபேக்-எச்டபிள்யூகிளாக்கை நீக்கிவிடுங்கள். மலிவான சில மாடியூல்களில் சார்ஜ் ஏற்றும் சுற்று இருக்கிறது. அதில் சிஆர்2032-ஐப் போடுவது ஆபத்து.

இரண்டு ஆர்டிசி உள்ள போர்டுகளும் உண்டு: செயலிக்குள் பேட்டரியில்லாத ஒன்று, வெளியே பேட்டரியோடு ஒன்று. பூட்டில் கர்னல் எதைப் படித்தது என்று பார்க்க, /சிஸ்/கிளாஸ்/ஆர்டிசி/ கீழே ஒவ்வொரு ஆர்டிசியின் அடைவிலும் எச்சிடோசிஸ் என்ற கோப்பைப் பாருங்கள். 1 என்று இருப்பதுதான் அது.

படி 10: தவறான நேரம் விட்டுப்போன மிச்சங்கள்

நேரம் திருந்தியபின்னும் சில விசித்திரங்கள் தொடரலாம், குறிப்பாக தேதி ஒருமுறை எதிர்காலத்துக்குப் போய் வந்திருந்தால். பூட்டின்போது நேரம் திரும்பத் திரும்ப முன்னால் தாவினால், /வார்/லிப்/சிஸ்டம்டி/டைம்சிங்க்/கிளாக் என்ற கோப்பைப் பாருங்கள். டைம்சிங்க்டி அந்தக் கோப்பின் தேதிக்கு முன்னால் நேரம் இருக்க விடாது. கோப்பின் தேதி எதிர்காலத்தில் இருந்தால் நீக்கிவிட்டு ரீபூட் செய்யுங்கள். தினசரி வேலைகள் ஓடாமல் இருந்தால், பக்கத்தில் டைமர்ஸ் அடைவில் உள்ள ஸ்டாம்ப் கோப்புகளுக்கும் இதே வைத்தியம். எதிர்காலத் தேதியுள்ள மற்ற கோப்புகளைப் பிடிக்க:

சுடோ ஃபைண்ட் /வார் /ஹோம் -எக்ஸ்டெவ் -நியூவர்எம்டி நவ்

லாக் பார்க்கும்போதும் ஜாக்கிரதை. நேரம் தவறிய பூட்டின் செய்திகள் பழைய தேதியோடு பதிவாகியிருக்கும் என்பதால், "நேற்றிலிருந்து" என்று கேட்டால் அவை வராது. தேதியை விட்டுவிட்டு பூட் வாரியாகக் கேளுங்கள். ஜர்னல்சிடிஎல் --லிஸ்ட்-பூட்ஸ் கொடுத்து வேண்டிய பூட்டைப் பிடித்து:

ஜர்னல்சிடிஎல் -பி -1 -ஓ ஷார்ட்-மோனோடோனிக்

இதில் தேதிக்குப் பதில், பூட் ஆரம்பித்ததிலிருந்து எத்தனையாவது நொடி என்று வரும். கடிகாரம் எங்கே தாவினாலும் இந்த எண் பின்னால் போகாது.

படி 11: உண்மையிலேயே சரியாயிற்றா?

நெட்வொர்க் இருக்கும்போது மணி சரியாகக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. கணினியை முழுதாக அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கி, ஓர் இரவு விடுங்கள். காலையில் நெட்வொர்க் கேபிள் இல்லாமல், வைஃபையையும் தடுத்து, நேராக பயாஸுக்குள் போய் நேரத்தைப் படியுங்கள். அங்கே சரியாக இருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது. அப்புறம் லினக்ஸுக்குள் போய் ஜர்னல்சிடிஎல் -பி -கே கொடுத்து "செட்டிங் சிஸ்டம் கிளாக் டு" என்ற வரியைத் தேடுங்கள். ஆர்டிசியிலிருந்து கர்னல் எந்த நேரத்தை எடுத்தது என்பது அதில் அப்படியே இருக்கும். அந்த வரியும் யுடிசி நேரமும் சில நொடிகளுக்குள் ஒத்துப்போனால் கேபிளைச் செருகிக்கொள்ளலாம். பயாஸில் சரியாக இருந்தும் இந்த வரியில் தவறியிருந்தால் படி 2-க்குத் திரும்புங்கள். இரண்டிலும் தவறியிருந்தால், புதிய பேட்டரியும் காலாவதியான சரக்காக இருக்கலாம். அதையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.